அளக்காமல் விட்ட கண்

௧

இவ்விதழின் ஆசிரியர் எனக்கு எழுதிய மடலில், இந்நாட்டுப் பனிப்பொழிவைப் பற்றியும் மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றியும் ஏதேனும் எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தார். பனி விழுகிறது, பின்னர் உருகுகிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே தாம்பரத்து அன்பர்களுக்கு வேறொன்றை எழுதுகிறேன்.

நாங்கள் இங்கு வந்து இந்த அக்டோபரில் ஒன்பது ஆண்டுகள் நிறைந்தன. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு சிறுநகர் எங்களுடையது. இங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில், எவரும் எடுத்துப் படிக்காத தமிழ் நூல்களுக்கு அட்டவணை எழுதுவது என் பணி. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவனுக்கு அது அயலான வேலையன்று. என் மனைவி இங்கே ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் குழந்தைகளுக்கு உணவு பரிமாறுகிறாள். ஊரில் அவள் உடற்பயிற்சி ஆசிரியை. அவளுடைய பட்டயம் இந்நாட்டில் செல்லுமா என்று கேட்டு நான் எழுதிய நான்கு மடல்களுக்கு நான்கு விடைகள் வந்தன. நான்கும் வேறோர் அலுவலகத்தை அணுகுமாறு அறிவுறுத்தின. ஐந்தாவது மடலை நான் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் பெயர் கிரேஸ். அதே பொருள் தரும் தமிழ்ச்சொல் இருக்க அயற்சொல் எதற்கு என்று, மணமான முதல் வாரத்திலேயே அவளை ‘அருள்’ என்று அழைக்கத் தொடங்கினேன். அப்படி அழைப்பவன் நான் ஒருவன்தான். ஊரார்க்கு அவள் கிரேஸ் டீச்சர்.

இவ்வாண்டின் தொடக்கத்தில், சர்க்கரை நோயினால் அவளுடைய இடக்கண்ணின் உட்புறம் குருதி கசிந்தது. மருத்துவமனையில் ஒளிக்கற்றை கொண்டு கசிவை நிறுத்தினார்கள். பார்வை பழைய நிலைக்கு மீளவில்லை. அந்தக் கண்ணுக்கு எல்லாம் கலங்கிய நீருக்கடியில் கிடப்பதுபோல் தெரிகிறதாம். மூன்றாம் முறை சென்றபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். படிவங்களை நிரப்புவது எங்கள் வீட்டில் என் வேலை. குடியேற்றம், மருத்துவம், வரி, மகனின் கல்லூரி என்று இந்நாட்டில் நான் நிரப்பிய தாள்களை அடுக்கினால் என் முழங்கால் உயரம் வரும். அன்றும் எழுதுகோலை எடுத்தேன். செவிலி என் கையிலிருந்து தாளை மெல்ல வாங்கி, “இதை அவர்களே எழுத வேண்டும்” என்று அவளிடம் கொடுத்துவிட்டார்.

திருப்பிக் கொடுக்கும்போது பார்த்தேன். கடைசிக் கேள்வி இது: ‘முன்பு விரும்பிச் செய்து, இப்போது பார்வைக் குறைவால் செய்ய இயலாமற்போனவை எவை?’ தையல் என்றோ திருமறை வாசிப்பு என்றோ எழுதியிருப்பாள் என நினைத்தேன். ஒரே ஒரு சொல்தான் இருந்தது. ஆர்ச்சரி. வில்வித்தை.

இந்நாட்டில் அவள் வில்லைத் தொட்டதே இல்லை. அவள் தொட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை அவளிடமிருந்து எடுத்தது பார்வைக் குறைவன்று. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். செவிலிக்குத் தெரியாது. அவர் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

௨

எண்பத்தாறாம் ஆண்டில் நாங்கள் அஸ்தினாபுரத்தில் குடியிருந்தோம். அவள் குரோம்பேட்டைக்கு நடந்து வந்து, தொடர்வண்டி ஏறித் தாம்பரத்தில் இறங்கி, மேற்கே ஒரு பெண்கள் பள்ளிக்குச் செல்வாள். அவ்வாண்டு அந்தப் பள்ளிக்கு விளையாட்டுத் திட்டம் ஒன்றின்கீழ் நான்கு மூங்கில் விற்கள் வந்தன. கற்றுக்கொடுக்க ஆள் வரவில்லை. சிறு கையேடு ஒன்று வந்தது. அதுவும் இந்தியில் இருந்தது. ஆகவே அவளே தட்டுத்தடுமாறிக் கற்றாள். கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து வண்டியில் வைக்கோல் வரவழைத்து, பிரி முறுக்கிச் சுருட்டி, குறிப்பலகை செய்தாள். கூட வந்த நாண்கள் ஒரு மாதத்தில் அறுந்துவிட்டன. அனகாபுத்தூரில் நெசவாளர் வீடொன்றில் நூல் வாங்கி முறுக்கி, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைத் தேய்த்து நாண் செய்துகொண்டாள். அந்த நாண் ஒருமுறையும் அறுந்ததில்லை.

நான்கு விற்களுள் தனக்கென ஒன்றை அவள் தேர்ந்துகொண்ட விதத்தைப் பின்னர் சொன்னாள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாளாம். அம்பில்லாமல் பாதி இழுத்துப் பார்த்தாளாம். மூன்றாவதை எடுத்ததும் மற்றதை எடுக்கத் தோன்றவில்லையாம்.

“ஏன் அது?” என்றேன்.

“தெரியலீங்க. கையில இருந்துச்சு.”

இது ஒரு காரணமா என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள்.

ஒருநாள் மாலை அவள் மறந்துவிட்டுச் சென்ற வீட்டுச் சாவியைக் கொடுக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். மாணவியர் சென்றுவிட்டனர். பனைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திடலில் அவள் தனியே நின்று எய்துகொண்டிருந்தாள். விமானம் ஒன்று மிகத் தாழ்வாகக் கடந்தபோதும் அவள் தலை அசையவில்லை. ஆறு அம்புகளில் ஐந்து நடுவிலேயே தைத்திருந்தன. அவற்றையெல்லாம் நான் பின்னர்தான் கண்டேன். நான் முதலிற் கண்டது, அவள் வலக்கையில் வில்லைப் பிடித்து இடக்கையால் நாணை இழுத்ததைத்தான்.

என் மனைவி பிறவியில் இடக்கைப் பழக்கம் உடையவள். உண்பது, எழுதுவது, கொடுப்பது, வாங்குவது ஆகிய அனைத்தையும் வலக்கைக்கு மாற்றிப் பழக்கியிருந்தார் அவள் தாயார். வில்லைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை. நானோ வகுப்பில் இடக்கையால் நீட்டப்படும் விடைத்தாளை வாங்காதவன். “கை மாற்றிக் கொடு” என்பேன். அதை ஒரு கொள்கையாகவே கொண்டிருந்தேன்.

அவ்வாண்டுப் பள்ளி விழாவில் அவள் மேடைக்கு முன்னால் எய்து காட்டினாள். கைதட்டல் ஓய்ந்ததும், என்னுடன் பணியாற்றிய தாவீது என்னும் வரலாற்று ஆசிரியர் என் பக்கம் சாய்ந்து, “என்ன ஐயா, கிளாஸ்ல பிள்ளைங்களைக் கை மாத்தச் சொல்றீங்க, உங்க வீட்டம்மாவே லெஃப்ட் ஹேண்டா? இத்தனை நாளா மறைச்சுட்டீங்களே!” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

௩

அதன் பிறகு மாநில மகளிர் அணிக்குத் தேர்வு நடக்கவிருப்பதாக அவளுக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு அகவை. அந்த அழைப்புக் கடிதத்தை அவள் அடுக்களை அலமாரியில், உப்புச் சாடிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தாள். உப்பு எடுக்கும்போதெல்லாம் பார்ப்பாள்.

அவளுக்கு நல்ல வில் ஒன்று வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இதை அன்பினால் செய்தேன் என்றே இன்றும் நினைக்கிறேன். நகரத்து நூலகம் ஒன்றிலிருந்து வில்லைப் பற்றிய ஆங்கில நூலொன்றை எடுத்துவந்து, தேர்வுக்குப் படிப்பவன்போல் குறிப்பெடுத்தேன். ஒரே மரத்தில் செய்த நெடுவில் எளியது, பிழை பொறுப்பது. முனைகள் எதிர்ப்புறம் வளைந்த வில் குட்டையானது, விரைவு மிக்கது, ஆனால் எய்பவரின் சிறு தவற்றையும் பெரிதாக்கிக் காட்டுவது. போட்டியாளர் பலரும் கையாள்வது இரண்டாவது வகை என்று இருந்தது. அதையே தேர்ந்தேன்.

தையற்காரரிடம் நாடா இரவல் வாங்கி, கூடத்துச் சுவரோரம் அவளை நிற்கவைத்து, இரு கைகளையும் விரிக்கச் சொல்லி அளந்தேன்.

“எதுக்குங்க இதெல்லாம்? எனக்கு மூங்கிலே போதும்.”

“மூங்கில் வேடர்க்கு உரியது. போட்டிக்கு உரிய வில் வேறு.”

“அப்ப இத்தனை நாளா நான் யாரு?”

“அம்மா வேட்டைக்காரி!” என்றான் எங்கள் மகன் அன்பரசன். அவனுக்கு அப்போது பத்து வயது. அவள் விரித்த கையை மடக்காமலே அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

விரலோடு விரல் அறுபத்திரண்டு அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் நாண் இழுக்கும் நீளம் கிடைக்கும். இருபத்தைந்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நீளத்துக்கு ஏற்ற வில்லின் உயரத்தைப் பட்டியலில் பார்த்துக் குறித்தேன். இழுக்கும் பாரம் அடுத்தது. புதிதாகப் பழகும் பெண்களுக்கு இருபத்தாறு பவுண்டு போதும் என்றிருந்தது. முப்பத்தெட்டு என்று எழுதினேன். அவளுடைய தோள்வலிமையின்மேல் எனக்குப் பெருமை இருந்தது. அந்த எண்ணைத் தாவீதிடம் சொல்வதிலும் ஒரு பெருமை இருந்தது.

அந்நூலில் கண்ணைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. கைகளுள் ஒன்று வலிதாய் இருப்பதுபோல் கண்களுள்ளும் ஒன்று முந்தி நிற்கும் என்றும், குறிபார்ப்பது அந்தக் கண்ணே என்றும், நாணை இழுக்கும் கை அந்தக் கண்ணின் பக்கம் இருத்தல் வேண்டும் என்றும், வில்லை வாங்குமுன் அதை ஆய்ந்தறிக என்றும் கூறியிருந்தது. படித்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

தாவீதின் தம்பி சரக்குக் கப்பல் ஒன்றில் பணியாற்றினார். அவர்வழி வில்லை வரவழைக்க ஒரு தாளில் அளவுகளை நிரல்பட எழுதினேன். கடைசி வரி ‘கை’ என்பது. வளைமுனை வில்லின் பிடி ஒரு கைக்கென்றே செதுக்கப்படுவது, மறுகைக்குப் பொருந்தாது. நான் எழுதினேன்: வலம். அவள் நான்கடி தொலைவில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.

௪

இங்கு என் நாள்கள் ஒன்றுபோலவே கழிகின்றன. காலை ஏழரைக்குப் பேருந்து. நூலகத்தின் கீழ்த்தளத்தில் சாளரம் இல்லாத அறை. நண்பகலில் தயிர்ச்சோறு. ஆறு மணிக்கு வீடு. அவள் முன்னதாகவே வந்திருப்பாள். தொலைக்காட்சியில் வானிலை சொல்வார்கள், இருவரும் கேட்போம். நாங்கள் சண்டையிடுவதில்லை. எங்களுக்குள் சண்டை நடந்து நெடுங்காலம் ஆயிற்று. அது நல்லறிகுறி என்றே நான் பலரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

மகன் இலண்டனில் இருக்கிறான். தன் பெயரை இங்குள்ளோர் வாயில் நுழையுமாறு பாதியாக வெட்டிக்கொண்டான். ஒவ்வோர் அக்டோபரிலும் நாங்கள் வந்த நாளன்று தொலைபேசியில் அழைத்து “ஹாப்பி ஆனிவர்சரி அப்பா” என்பான். மணநாளன்றும் அதே சொற்களைத்தான் சொல்வான். இம்முறை அவனிடம் மருத்துவமனைப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன்.

“அம்மா ஆர்ச்சரி பண்ணாங்களா? ரியலி? நீங்க சொல்லவே இல்லையே.”

“நீ பார்த்திருக்கிறாய்.”

“நானா? எனக்கு ஞாபகமே இல்லப்பா. அம்மா வின் பண்ணாங்களா?”

“இல்லை.”

“ஓ. ஓகே.”

அதன்பின் அவன் தன் வாடகை வீட்டில் வெந்நீர் வராததைப் பற்றிப் பேசினான்.

மறுநாள் நூலகத்து அறிவிப்புப் பலகையில், எங்கள் நகரின் வில்லாளர் கழகத்தின் தொலைபேசி எண்ணைக் கண்டேன். நெடுநாளாக அது அங்கே இருந்திருக்க வேண்டும், தாள் பழுத்திருந்தது. அழைத்தேன். இந்நாட்டார் அம்பெய்வதற்கும் துப்பாக்கியால் சுடுவதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நான் என் வழக்கப்படி இலக்கணம் வழுவாமல், என் மனைவி அச்செயலைச் செய்ய விழைகிறார் என்று அறிவித்தேன். மறுமுனையில் ஒரு மூதாட்டியின் குரல், “யாரை?” என்று கேட்டது.

அன்று இரவு உணவின்போது அவளிடம் சொன்னேன்.

“ஞாயிறு பிற்பகல், ஆராதனை முடிந்தபின், வில் எய்யும் இடமொன்று இருக்கிறது. வருகிறாயா?”

அவள் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

“எதுக்கு?”

“பார்க்கத்தான்.”

“பாக்கலாம்” என்றாள். வருவேன் என்பதா, வரமாட்டேன் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கம்பளிச் சட்டைக்குமேல் புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். ஊரில் திடலுக்குப் போகும்போது அப்படித்தான் செருகுவாள்.

௫

அந்த வில் வந்துசேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். சுங்க அலுவலகத்தில் பதினொரு நாள் கிடந்தது. அது படைக்கலமா, விளையாட்டுப் பொருளா, இசைக்கருவியா என்பது அவர்களுக்குத் தெளியவில்லை. மூன்று மேசைகளைக் கடந்து நான்காம் மேசைக்குச் சென்றேன். அங்கிருந்த அலுவலர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “யாருக்கு சார்?” என்றார்.

“என் மனைவிக்கு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சார், வில்லை வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே மிஸஸ் கையில குடுக்கப்போறீங்க. நல்லா யோசிச்சிட்டீங்களா?” என்று கேட்டு முத்திரை குத்தினார்.

வழவழப்பான மரம், பழுப்பும் வெண்மையும் மாறிமாறி ஒட்டிய வரிகள், மெருகில் முகம் தெரியும். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். வலக்கையில் பிடித்தாள். பிடி கட்டைவிரலில் இடறியது. இடக்கைக்கு மாற்றினாள். பிடி அமைந்தது. அவள் முகத்தில் ஏதோ மாறிற்று. பிறகு, “நல்லா இருக்குங்க” என்றாள்.

மூன்று மாதம் அந்த வில்லில் பழகினாள். வலத்தோளில் தைலம் தேய்த்த மணம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. அம்புகள் குறிக்கு இடப்பக்கமே சென்றன. நாணை விடும் முறை தவறு, நிற்கும் முறை தவறு என்று நூலைப் பார்த்து நான் திருத்தங்கள் சொன்னேன். ஒருநாள் அவள், “அந்தக் கைன்னா சரியா வருதுங்க” என்றாள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

“பழகு, வரும்” என்றேன்.

தேர்வு நகரத்துத் திடல் ஒன்றில் நடந்தது. மொத்தம் பன்னிரண்டு பெண்கள். அவளே அனைவரிலும் மூத்தவள். முதற்சுற்றில் அவள் எய்த ஆறு அம்புகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் நெருக்கமாகத் தைத்தன. ஆனால் குறியின் நடுவில் அல்ல. இடது ஓரத்தில், வைக்கோலில். திடல் காவலர் கன்னியப்பன் என்பவர் அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வெற்றிலை குதப்பிய வாயோடு அவர் சொன்னது இன்றும் அதே குரலில் கேட்கிறது.

“டீச்சர்மா, உன் அம்பெல்லாம் ஒரே வூட்டுக்குத்தான் போவுது. ஆனா அது பக்கத்து வூடு!”

அவளும் சிரித்துவிட்டாள். அவர் அம்புகளைக் கொடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“இன்னாமா, நீ தலையச் சாய்ச்சிகினு அந்தக் கண்ணாலதான பாக்கற? வேற கைல இஸ்து பாரேன். அங்க ஒரு மூங்கில் வில்லு கீது. எடுத்தாரட்டா?”

அவள் கயிற்றுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். தாவீதும் என்னோடு வந்திருந்தார். முப்பத்தெட்டுப் பவுண்டு வில்லைப் பற்றி வழியெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

“வேண்டாம்” என்றேன்.

கன்னியப்பன் என் பக்கம் திரும்பினார். “இன்னா சார், அம்மாவைக் கேட்டா நீ பதில் சொல்ற?”

இரண்டாம் சுற்றிலும் ஆறு அம்புகள் பக்கத்து வீட்டுக்கே சென்றன. மூன்றாம் சுற்றுக்கு அவளை அழைக்கவில்லை.

திரும்பும்போது அவள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். குரோம்பேட்டையில் இறங்கியபோது வில்லை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். “வேணாங்க. கனமா இல்ல” என்றாள். வீட்டுக்கு வந்ததும் முக்காலி போட்டு ஏறி, அதைப் பரணில் வைத்தாள். உப்புச் சாடிக்குப் பின்னாலிருந்த கடிதத்தை நான் மறுநாள் தேடினேன், இல்லை. பள்ளியில் வில் கற்பிக்கும் பொறுப்பை வேறோர் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டதாகப் பிறகொருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்து நாங்கள் அவ்வீட்டை வாடகைக்கு விட்டுப் புறப்பட்டபோதும் வில் பரணிலேயே இருந்தது. இப்போதும் இருக்கக்கூடும்.

௬

கழகம் என்பது ஒரு பழைய தானியக் கொட்டகை. ஒரு கோடியில் வைக்கோல் குறிகள். தொலைபேசியில் “யாரை?” என்று கேட்ட மூதாட்டியே அங்கிருந்தார். பெயர் மார்கரெட். புதிதாக வருவோர்க்கு வில் பொருத்திக் கொடுப்பது அவர் பணி. என் மனைவியின் பெயரைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவளே, “கிரேஸ்” என்றாள்.

மார்கரெட் நாடாவை எடுக்கவில்லை. கொட்டகையின் மறுகோடியில் தொங்கிய கடிகாரத்தைக் காட்டி, இரு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சிறு துளை அமைத்து, இரு கண்களும் திறந்திருக்க அத்துளையின்வழி கடிகாரத்தைப் பார்க்குமாறு சொன்னார். “பார்வையை எடுக்காமல் கைகளை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கண்ணுக்கு வருகிறதோ, அதுதான் உங்கள் கண்.”

அவ்வளவுதான் சோதனை. அதற்குக் கருவி வேண்டா, செலவில்லை, அரை மணித்துளி போதும். அஸ்தினாபுரத்துக் கூடத்தில், சுவரோரம் அவள் கைகளை விரித்து நின்றபோது, அவற்றை முன்னால் நீட்டச் சொல்லியிருந்தால் போதும். நான் புரட்டிக் கடந்த பக்கத்தில் இருந்ததும் இதுவேதான். படம்கூடப் போட்டிருந்தார்கள்.

அவளுடைய கைகள் மெல்ல வந்து வலக்கண்ணில் நின்றன.

நான் எதிர்பார்த்தது அதுவன்று. “மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்” என்றேன். மறுபடியும் வலக்கண். அப்போது அவள் மார்கரெட்டிடம் தன் எளிய ஆங்கிலத்தில் சொன்னாள். முன்பெல்லாம் இடக்கண்ணுக்குத்தான் வருமாம். பள்ளியில் மாணவியர்க்குச் சோதிக்கும்போது தனக்கும் சோதித்துப் பார்த்துக்கொண்டாளாம். இந்திக் கையேட்டில் அதற்கும் படம் இருந்ததாம்.

ஆக, அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் நாடாவோடு நின்றபோது, தாளில் வலம் என்று எழுதியபோது, பழகினால் வரும் என்றபோது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மார்கரெட் தலையசைத்தார். இடக்கண் நலிந்ததால் வலக்கண் முந்திவிட்டது, இது நடப்பதுதான் என்றார். சுவரிலிருந்து வளைமுனை வில் ஒன்றை எடுத்து நீட்டினார், இருபத்திரண்டு பவுண்டு. “இன்றைய கண்ணுக்கு இதுதான் பொருந்தும். வலக்கை வில்.”

பழுப்பும் வெண்மையும் ஒட்டிய வரிகள். நான் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் தேர்ந்த வில்லே மெலிந்து வந்ததுபோல் இருந்தது. என் தேர்வு அன்று பிழை, இன்று சரி. ஒரு நோய் வந்து அதைச் சரியாக்கியிருந்தது. நாணமோ வருத்தமோ எழும் என்று எதிர்பார்த்து நின்றேன். நெடுநேரம் மடக்கி வைத்த காலைப்போல, உள்ளே ஓரிடம் இருப்பது தெரிந்தது. அதில் உணர்வு இல்லை.

அவள் அந்த வில்லை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். பிடி நன்றாகவே அமைந்தது. சுவரில் அதனருகே வளைவில்லாத நெடுவில் ஒன்று தொங்கியது, அவளைவிட உயரம், பிடியில் செதுக்கல் ஏதுமின்றித் தோல் மட்டும் சுற்றியிருந்தது. அவள் பார்வை அங்கே போயிற்று. பிறகு என்னிடம் திரும்பித் தமிழில் கேட்டாள்:

“நீங்க என்ன சொல்றீங்க?”

மார்கரெட் காத்திருந்தார். வளைமுனை வில்லின் சிறப்புகள் எனக்குத் தெரியும். நெடுவில் அதிரும், மெதுவானது, வலக்கண் முந்திய ஒருவர் இடக்கையால் நாணை இழுத்தால் குறி பிசகும் என்பதும் தெரியும். சொல்லத்தக்க வாக்கியங்கள் வரிசையாக வந்து நாவின் நுனியில் நின்றன.

“எனக்குத் தெரியவில்லை” என்றேன்.

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். முப்பது ஆண்டு இல்வாழ்க்கையில் அச்சொற்களை அவள் என்னிடமிருந்து கேட்டிருக்கமாட்டாள்.

“அப்ப சரி” என்றாள். வளைமுனை வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நெடுவில்லை எடுத்து, அம்பில்லாமல் பாதி இழுத்துப் பார்த்தாள். இடக்கையால்.

௭

அவள் ஆறு அம்புகள் எய்தாள். முதலிரண்டும் தரையில் வீழ்ந்து சறுக்கின. மற்ற நான்கும் வைக்கோலை எட்டின. நான்கும் நெருக்கமாகவே தைத்திருந்தன. குறிக்கு வலப்பக்கம், ஒரு முழம் தள்ளி.

அவள் வில்லைத் தாழ்த்தி, வலக்கண்ணை ஒருமுறை மூடி, இடக்கண்ணால் பார்த்தாள். பிறகு அதையும் மூடினாள்.

“இந்தத் தடவ அந்தப் பக்கத்து வூடு” என்றாள்.

கன்னியப்பனின் குரலில்தான் சொன்னாள். அவரை அவள் மறக்கவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். மார்கரெட் என்ன என்று கேட்டார். இவள் மொழிபெயர்க்க முயன்று, முடியாமல் கைவிட்டுச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தவில்லை.

“கொஞ்சம் இப்பிடி நின்னுக்கிட்டா வந்துரும்” என்று தன் காலை ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.

அம்புகளை எடுத்துவர யாராவது போக வேண்டும். நான் போனேன். வைக்கோலிலிருந்து அம்பைப் பிடுங்க ஒரு முறை உண்டு. ஒரு கையால் வைக்கோலை அழுத்திக்கொண்டு மறுகையால் நேரே இழுக்க வேண்டும். நூலில் படித்திருக்கிறேன், செய்ததில்லை. ஓர் அம்பு வளைந்துவிட்டது. அவள் மறுபடியும் எய்தாள். நான் மறுபடியும் போனேன். மூன்றாம் முறை, ஓர் அம்பு குறியின் விளிம்பில் இருந்தது.

அவளுடைய உயரத்துக்கும் இழுப்புக்கும் ஏற்ப நெடுவில் ஒன்றைச் செய்து தருவிக்கலாம் என்று மார்கரெட் ஒரு படிவத்தைக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, பழக்கத்தால் என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே எழுதிடுங்க. உங்க கையெழுத்துதான் நல்லா இருக்கும்.”

வைக்கோல் தூசி படிந்த மேசையில் அமர்ந்தேன். பெயர் என்ற இடத்தில் கிரேஸ் என்று எழுதினேன். உயரம் எழுதினேன். இழுக்கும் நீளத்தை மார்கரெட் அளந்து சொன்னார்; எழுதினேன். பாரம் இருபது. கடைசி வரியில் ‘கை’ என்று இருந்தது.

எழுதுகோலைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

“எந்தக் கை?”

“அதான் பாத்தீங்களே, இவ்ளோ நேரம்.”

“பார்த்தேன். நீ சொல்.”

அவள் கம்பளிச் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பைத் தட்டிவிட்டாள்.

“இடது” என்றாள்.

எழுதினேன். வில் வந்துசேர ஏழு வாரம் ஆகும் என்றார்கள். வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நிறுத்தத்தில் வழக்கம்போல் அவளுக்கு வலப்பக்கம் நின்றேன். பார்வை மங்கிய பக்கம் நிற்பதுதான் முறை என்று தோன்றவே, இடப்பக்கம் மாறி நின்றேன். பேருந்து வந்தது, ஏறினோம்.